சின்னய்யாவின் குவார்ட்டர்ஸ்

என்னைப் பெற்ற தகப்பனை நான் சின்னய்யா என்றுதான் கூப்பிட்டேன். இதைக் கேட்டால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவள் தனி வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஓர் உலையில் எல்லோருக்கும் சோறு பொங்கியது. பெரியப்பாவுக்கு நான்கு பிள்ளைகள். அவர்கள் தங்கள் தகப்பனை அய்யா என்றார்கள், அவர் தம்பியைச் சின்னய்யா என்றார்கள். ஐந்தாவது தட்டில் உட்கார்ந்தவள் நான். அவர்கள் சொன்னதையே நானும் சொன்னேன். பெரியப்பா எனக்கு அய்யா, அப்பா எனக்குச் சின்னய்யா. திருத்திச் சொல்லித்தர அப்பா ஊரில் இருந்தால்தானே?

அப்பா கொழும்பில் இருந்தார். தேவிபட்டினத்துக்கு மேற்கே, கண்மாய் நிறைந்தால் நெல்லும் நிறையாவிட்டால் மிளகாயும் போடுகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் முதன்முதலில் பி.ஏ. படித்தவர் அவர். ராமநாதபுரத்தில் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்தார். நாடு சுதந்திரம் அடைந்த கொஞ்ச காலத்தில், கூடப் படித்த ஒருவர் சொல்லி, கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார். அது ஊர்ப்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடம் இல்லை. கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர்கள், பாங்கிக்காரர்கள், தூதரகத்துக்காரர்கள் என்று பல தேசத்து ஆட்களின் பிள்ளைகள் படித்தார்கள். அப்பா போனபோது எனக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு லீவு, சில வருஷம் அதுவும் இல்லை. வருவார், பிஸ்கட் டின் கொடுப்பார், தலையைத் தடவுவார், போய்விடுவார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கு இரண்டு வகை இருப்பிடம். தனி ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கூடத்தின் மாடியில் அறை, அறைக்கு இரண்டு பேர். குடும்பஸ்தர்களுக்கு விளையாட்டு மைதானத்தின் பின்னால் வரிசையாக ஆறு வீடுகள். யாராவது வேலையை விட்டுப் போனால்தான் வீடு காலியாகும். அதுவரைக்கும், பெண்டாட்டி பிள்ளை இருக்கிற என் அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் பிரம்மச்சாரி. ஒரு பர்மாக்காரச் சங்கீத வாத்தியாரோடு ஏழு வருஷம் ஓர் அறையில் இருந்தார். அவர் விடிகாலையில் பிடில் வாசிப்பார் என்றும், நல்லவர் என்றும், பிடில்தான் நன்றாக இல்லை என்றும் அப்பா எழுதுவார்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது அந்தக் கடிதம் வந்தது. பூகோள வாத்தியார் ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், நாலாம் நம்பர் வீடு நமக்கு. ஆனால் ஆவணிக் கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குக் குடும்பம் அந்த வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிற மலையாளத்து சயன்ஸ் வாத்தியாருக்குப் போய்விடும். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். கடிதத்தைத் தானே வாசித்தாள், மறுபடி வாசித்தாள், பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், எல்லோரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

கடிதத்தோடு ஒரு கட்டம் போட்ட தாளும் வந்தது. கணக்கு வாத்தியார் இல்லையா, வீட்டை அளந்து படம் போட்டிருந்தார். ஒரு கட்டம் ஓர் அடி என்று மேலே எழுதியிருந்தார். முன்னறை, படுக்கையறை, சமையல்கட்டு, பின்பக்கம் ஒரு சின்ன அறை. சமையல்கட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். சின்ன அறையில் ஒரு ஜன்னல் வரைந்து, பக்கத்தில் என் பேரை எழுதி, 'வெளியே ஜம்பு மரம்' என்று போட்டிருந்தார். என் பேரை அவர் கையெழுத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மறுநாள் அம்மா கோலமாவை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். அறுப்பு இல்லாத காலம், களம் சும்மா கிடந்தது. தாளைக் கையில் வைத்து, பாதத்தால் அளந்து அளந்து அந்த வீட்டை முழுசாகத் தரையில் வரைந்தாள். சுவர், வாசற்படி, அடுப்பு மேடை, குழாய், என் ஜன்னல். வரைந்து முடித்துவிட்டு இடுப்பில் தம்பியோடு சமையல்கட்டில் நின்றாள். தம்பிக்கு அப்போது எட்டு மாதம். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்தேன்.

"சுவத்த மிதிக்காதடி. வாசல் வழியா வா" என்றாள்.

நான் திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தேன். பெரியப்பாவும் வந்தார். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுச் சிரித்தாள். அவருக்கு முன்னால் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த ஒரு மாதமும் எனக்கு ஒரே பாடம். "அங்கன போனா சின்னய்யான்னு சொல்லக் கூடாதுடி. கோட்ரசுல எல்லாரும் படிச்ச ஆளுக. அப்பான்னு சொல்லணும். எங்க, சொல்லு." எனக்கு வாய் வரவில்லை. இரண்டு எழுத்தா மூன்று எழுத்தா, என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம்தான். அய்யா என்றால் ஒரு முகம், சின்னய்யா என்றால் ஒரு முகம். அப்பா என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் முகமே கிடையாது. பெரியப்பாவின் பிள்ளைகள் வேறு, "அப்பாவ், அப்பாவ்" என்று என்னைப் பார்த்துக் கேலி செய்து கும்மாளம் போட்டார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அம்மா தொடையில் கிள்ளினாள். கிள்ளக் கிள்ள எனக்கு வீம்பு ஏறியது. அந்த வீம்பு என் பிறவிக் குணம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, கேடுகெட்ட பெருமை.

அப்பா எங்களைக் கூட்டிப்போக வந்தார். பெட்டி கட்டுகிற அன்றைக்கு அம்மா அம்மியை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றாள். கொழும்பில் அம்மி கிடைக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கல்லுல அரைச்சா என் குழம்பு வராதுங்க" என்றாள். கடைசியில் அம்மிக்கல்லைச் சாக்கில் கட்டி அவள் சாமான்களோடு வைத்தார்கள். அது கனத்ததால் குழவியை அப்பா ஒரு துண்டில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பெரியப்பா ராமநாதபுரம் ஸ்டேஷன் வரை வண்டி கட்டிக்கொண்டு வந்து எங்களை ரயிலில் ஏற்றிவிட்டார். உழவு நேரம், அதற்கு மேல் அவரால் வர முடியவில்லை. "ஏலே தம்பி, பிள்ளைய வெயில்ல விடாத" என்று அப்பாவிடம் என்னைக் காட்டிச் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

மண்டபத்தில் இறக்கிக் காகிதம் பார்த்தார்கள். அதை முடித்தால்தான் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏறலாம். பெரிய கொட்டகை, நீளமான வரிசை, உப்புக்காற்று. எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் பக்கத்து ஆள் இல்லை, பேச்சில் பட்டணத்து வாடை. கெட்டவரும் இல்லை. காகிதங்களைப் புரட்டினார். மனைவி, மகள் ஒன்று, மகன் ஒன்று என்று அதில் இருந்தது. என் பிறப்புச் சான்றில் பேர் இல்லை, 'பெண்' என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறந்த முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, எத்தனாவது படிக்கிறே?"

"மூணாவது."

"கெட்டிக்காரி." அப்பாவைக் காட்டினார். "இவர் யாரு உனக்கு?"

"சின்னய்யா."

அவர் கையில் பேனா நின்றது. "சின்னய்யாவா? அப்ப உங்க அய்யா எங்கே?"

"ஊர்ல உழுதுக்கிட்டு இருக்காக" என்றேன்.

அவ்வளவுதான். அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அப்பா முன்னால் வந்து, "சார், குழந்தை பொய் சொல்லலை. எங்க கூட்டுக் குடும்பத்துல அப்படிக் கூப்பிட்டுப் பழகிட்டா. இவ என் மகதான்" என்றார். அதிகாரி, "இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, வாத்தியார் சார். போன வாரம் ஒருத்தர் அண்ணன் மகனைத் தன் மகன்னு கூட்டிட்டு வந்தார்" என்றார். அம்மா, "என் வயித்துல பெறந்த பிள்ளைங்க" என்றாள். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பயப்படாம சொல்லு. இவர் உனக்கு யாரு?" என்று மறுபடி கேட்டார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அதைத்தானே கிள்ளிக் கிள்ளிச் சொல்லித்தந்தாள் அம்மா. எனக்கு எதிரே நின்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். பொய் சொல்லுகிற பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று பெரியம்மா சொல்லி வளர்த்த பிள்ளை நான். அப்பா என்பது எனக்கு அப்போது பொய். முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். நான், "சின்னய்யா" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அம்மாவும் தம்பியும் போகலாம், நான் மட்டும் அப்பாவின் மகள்தான் என்று தாசில்தாரிடம் காகிதம் வாங்கிக்கொண்டு அப்புறம் வரலாம் என்று அதிகாரி முடித்துவிட்டார். ரயில் கிளம்ப இருந்தது. அப்பா அம்மாவைத் தூணோரம் கூட்டிக்கொண்டு போனார். நான் அவர் காலடியில்தான் நின்றேன்.

"நீ பையனோட வா. இவளை அண்ணன்கிட்ட விட்டுருவோம். தந்தி அடிச்சா வந்து கூட்டிக்கிருவாக. காகிதம் சரியானதும் நான் வந்து கூட்டிக்கிறேன். இப்ப நீ வரலைன்னா வீடு போயிரும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏழு வருஷம் அடுத்தவர் பிடிலைக் கேட்டுக்கொண்டு தூங்கி எழுந்த மனுஷன். ஆனாலும் எனக்கு இந்த வயதிலும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. பிறகு அந்தக் கோபத்தை எண்ணி வெட்கமும் வருகிறது.

அம்மா என்னைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். "வீடு போனாப் போகட்டும். பொட்டப்பிள்ளைய நடுவழியில விட்டுட்டு நான் எந்த வீட்டுல போயிக் குந்துவேன்?" என்றாள். சாமான்களை இறக்கச் சொன்னாள். அப்பா தன் டிரங்குப் பெட்டியோடு ரயிலில் ஏறினார். ஏறும்போது என் தலையைத் தடவி, "நீ சரியாத்தான் சொன்ன, ஒண்ணும் தப்பில்ல" என்றார். ரயில் பாம்பன் பாலத்துப் பக்கம் போனது. நாங்கள் எதிர்ப்பக்கம் வருகிற ரயிலுக்குச் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே எதிரே இருந்த உவர்மண்ணைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்கு வந்து சாமானை அவிழ்த்தபோதுதான் குழவி கொழும்புக்குப் போய்விட்டது தெரிந்தது.

நாலாம் நம்பர் வீட்டில் மலையாளத்து வாத்தியார் குடி வந்தார். அப்பா அதை ஒளிக்காமல் எழுதினார். நல்ல குடும்பம், ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், தேங்காய் அரைத்த குழம்பு, அவர்களுக்கும் ஒரு பெண் பிள்ளை என்று எழுதினார். பின்பக்கத்துச் சின்ன அறை ஜன்னலில் அந்தப் பெண் பொம்மைகளை அடுக்கி வைத்திருக்கிறாள் என்றும் ஒரு கடிதத்தில் இருந்தது. அதை மட்டும் அம்மா சத்தமாக வாசிக்காமல் விட்டாள். பிறகு நான் எடுத்து வாசித்துக்கொண்டேன். களத்தில் போட்ட கோலமாவு முதல் மழைக்கே போய்விட்டிருந்தது. ஆனாலும் நான் களத்தைக் கடக்கும்போதெல்லாம் சுவர் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

தாசில்தார் காகிதம் வருவதற்கு நாலு மாதம் ஆனது. காகிதம் வந்தபோது வீடு இல்லை. அடுத்த வீடு காலியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

மறுவருஷம் ஆடியில் அப்பா லீவுக்கு வந்தார். வரப்போகிற தையில் ஆறாம் நம்பர் வீடு காலியாகும், தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார், குழவி அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்றார். அம்மா சந்தோஷப்பட்டாள், ஆனால் கோலமாவைத் தொடவில்லை. நான் அந்த லீவு முழுக்க அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. சின்னய்யா என்று சொல்ல நாக்கு கூசியது. எல்லாவற்றையும் கெடுத்த சொல் அது. அப்பா என்று சொல்ல வெட்கம். "சாப்பிட வரணுமாம்", "அம்மா கூப்பிடுது" என்று மொட்டையாகப் பேசி இருபது நாளை ஓட்டினேன். அவர் ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏத்தா, உனக்கு என்ன வருதோ அப்படியே கூப்பிடு. எனக்கு அது போதும்" என்றார். நான் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து ஓடிவிட்டேன்.

ஆனால் யாருக்கும் தெரியாமல் நான் பழகிக்கொண்டிருந்தேன். கண்மாய்க் கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்து அப்பா, அப்பா என்று சொல்லிப் பார்ப்பேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சரளமாக வந்தது. அவர் புறப்படுகிற அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் அன்றைக்கு ஏகக் கூட்டம், ராமேஸ்வரத்துக்கு அமாவாசைக்குப் போகிறவர்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். நான் ஆட்களுக்கு நடுவில் புகுந்து முன்னால் போனேன். அப்பா பெட்டிக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரங்கை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். விசில் ஊதிவிட்டது. நான் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, "அப்பா" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை.

இன்னொரு தடவை கத்தினேன். "அப்பா." பக்கத்து ஜன்னலில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அது அவருடைய சொல் இல்லை, அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எவரோ பெற்ற பிள்ளை தன் தகப்பனைக் கூப்பிடுகிறது என்று நினைத்திருப்பார். ரயில் நகர்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு வந்தார். கூட்டத்தில் எங்களைத் தேடினார். நான் கையை ஆட்டினேன், அவர் வேறு பக்கம் பார்த்து ஆட்டினார்.

அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "கூப்பிட்டுட்டியேடி என் ராசாத்தி. திரும்பிப் பாத்தாகளா?"

"பாத்தாக" என்றேன்.

கார்த்திகையில் தந்தி வந்தது. மஞ்சள் காமாலை, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். எங்களுக்குச் சொல்ல வேண்டாம், பயப்படுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரியப்பா கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் அங்கேயே எல்லாம் முடிந்திருந்தது. ஆறாம் நம்பர் வீடு தையில் காலியாகி யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் வேட்டி சட்டைகளுக்கு அடியில் துண்டு சுற்றியபடியே குழவி இருந்தது. அம்மா அதை எடுத்துக் கழுவி அம்மியின் மேல் வைத்தாள். அன்றைக்கு அதில் எதையும் அரைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும் அம்மா அழுதபடி அந்த ஒன்றைத்தான் சொன்னாள். "கடைசியா என் மக அப்பான்னு கூப்பிட்டா. அதக் காதுல வாங்கித் திரும்பிப் பாத்துட்டுத்தான் போனாக." கேட்டவர்கள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எங்களை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள், வயதாகிச் செத்தும் போனாள். அவளிடம் நான் ஒருநாளும் மாற்றிச் சொல்லவில்லை.

சின்னய்யா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.